கொடி உயராத நேரம்

மூன்று கோல்கள் எங்கே போயின?

2022 நவம்பர் 22, கத்தாரின் லுசைல் மைதானம். உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு அது முதல் ஆட்டம். எதிரணி சவூதி அரேபியா. பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் ஒரு கோல் அடித்தார். அதன்பின் இடைவேளைக்குள் அர்ஜென்டினா மேலும் மூன்று முறை பந்தை வலைக்குள் அனுப்பியது. ஒருமுறை மெஸ்ஸி, இருமுறை லவுத்தாரோ மார்ட்டினெஸ். மூன்றும் செல்லாமல் போயின. மூன்றுக்கும் ஒரே காரணம்: ஆஃப்சைடு. இடைவேளை முடிந்து வந்த சவூதி அணி ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்தது. ஆட்டம் 2-1 என்று முடிந்தது. பின்னால் அந்தக் கோப்பையையே வெல்லப்போகிற அணி, முதல் நாளில் தோற்றுப்போனது.

கால்பந்தை எப்போதாவது பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கோபப்படுவார்கள். பந்து வலைக்குள் போய்விட்டது. யாரும் கையால் தொடவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை. பிறகு ஏன் கோல் இல்லை? ஒருவர் ஓரடி முன்னால் நின்றது அப்படி என்ன குற்றம்? இந்த விதியை எடுத்துவிட்டால் நிறைய கோல் விழுமே, ஆட்டமும் விறுவிறுப்பாகுமே!

நியாயமான கேள்வி. கணக்கும் எளிதாகத் தெரிகிறது: விதி இல்லாவிட்டால் அர்ஜென்டினா இடைவேளைக்குள் 4-0 என்று முன்னிலை பெற்றிருக்கும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் போனால் கால்பந்து என்கிற ஆட்டம் எதன்மேல் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு போடாத கோடு

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். ஆஃப்சைடு என்பதைத் தமிழில் ‘முந்திநிற்றல்’ எனலாம். தன் அணியை விட்டு விலகி, எதிரணியின் கோல் வாசலுக்குப் பக்கத்தில் முன்கூட்டியே போய் நிற்பது. அப்படி நிற்பவருக்குப் பந்தை அனுப்பினால் துணை நடுவர் கொடியை உயர்த்துவார்.

எவ்வளவு முன்னால் போனால் முந்திநிற்றல்? சக வீரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். எதிரணியில் கோல் கோட்டுக்கு மிக அருகே நிற்பவர் பெரும்பாலும் கோல்கீப்பர்தான். அவருக்கு அடுத்தபடியாகக் கடைசியில் நிற்கும் தடுப்பு வீரர் ஒருவர் இருப்பார். அவர் நிற்கும் இடத்திலிருந்து மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு கிழிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பந்தை வாங்கப்போகிறவர் அந்தக் கோட்டையும் தாண்டி, பந்தையும் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடு. கோட்டுக்குச் சமமாக நின்றால் குற்றமில்லை. தன் பாதி மைதானத்துக்குள் நிற்பவருக்கும் இந்த விதி கிடையாது. பந்து கார்னர் கிக்கிலிருந்தோ, கோல் கிக்கிலிருந்தோ, கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறியும் த்ரோவிலிருந்தோ நேராக வந்தாலும் கிடையாது.

மைதானத்தில் மற்ற கோடுகள் எல்லாம் சுண்ணாம்பால் போட்டவை. ஆட்டம் தொடங்குமுன் போட்ட இடத்திலேயே ஆட்டம் முடியும்வரை இருப்பவை. இந்த ஒரு கோடு மட்டும் கண்ணுக்குத் தெரியாது, ஓரிடத்தில் நிற்கவும் நிற்காது. தடுப்பு வீரர்கள் முன்னே நடந்தால் அதுவும் முன்னே வரும். அவர்கள் பின்வாங்கினால் அதுவும் பின்வாங்கும். கோட்டைப் போடும் உரிமையைக் கால்பந்து தடுப்பு வீரர்களின் கையில் கொடுத்திருக்கிறது. அன்று லுசைலில் சவூதி வீரர்கள் அந்தக் கோட்டைத் தங்கள் கோல் வாசலிலிருந்து வெகுதூரம் முன்னே, நடுக்கோட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய வெற்றுப் புல்வெளி கிடந்தது. அந்த வெளியை நோக்கி ஓடியபோதுதான் அர்ஜென்டினா வீரர்கள் மீண்டும் மீண்டும் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் அவர்கள்மேல் எழுந்த ஆஃப்சைடு தீர்ப்புகள் மொத்தம் 10.

கணக்கின் பிழை இப்போது தெரிந்திருக்கும். விதி இல்லை என்று தெரிந்திருந்தால் சவூதி வீரர்கள் அவ்வளவு முன்னே வந்து நின்றிருக்க மாட்டார்கள். விதியை மட்டும் எடுத்துவிட்டு, ஆட்களை நின்ற இடத்திலேயே நிற்கவைத்துக் கோல் எண்ண முடியாது. விதி மாறினால் ஆட்கள் நிற்கும் இடம் மாறும். இடம் மாறினால் ஆட்டம் மாறும்.

பதுங்கிப் போகாதே

இந்த விதி பிறந்த கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களில் தொடங்குகிறது. அங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி கால்பந்து, தனித்தனி விதிகள். ஈட்டன் பள்ளியில், பந்துக்கு முன்னால் போய்க் காத்திருப்பவனைப் பற்றி ஒரு சொல் வழங்கிவந்தது. அதன் பொருள் ‘பதுங்கிப் போதல்’. எல்லாரும் பந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் நைசாக நழுவிக் கோல் வாசலில் போய் நிற்பது ஆண்மையற்ற செயல் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்தார்கள். ஆக முதலில் இது மானம் சார்ந்த விதி. ஆட்ட நுணுக்கம் பற்றிய யோசனை அதில் இல்லை.

1863-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் உருவாகி முதல் பொது விதிகளை எழுதியபோது விதி மிகக் கடுமையாக இருந்தது. பந்துக்கு முன்னால் நிற்கும் எவரும் ஆட்டத்தில் இல்லாதவர்தான். இன்றைய ரக்பியைப் போல. முன்னோக்கிப் பந்தை அனுப்ப வழியே இல்லை. ஒருவர் பந்தைக் காலோடு ஒட்டவைத்து ஓடுவார், மற்றவர்கள் கூட்டமாகப் பின்தொடர்வார்கள். அவ்வளவுதான் ஆட்டம்.

அதே காலத்தில் ஷெஃபீல்டு நகரத்தில் இதற்கு நேர் எதிரான ஆட்டம் நடந்தது. 1857-இல் தொடங்கிய ஷெஃபீல்டு கிளப்பின் தொடக்க விதிகளில் ஆஃப்சைடே கிடையாது. விளைவு எதிர்பார்த்ததுதான். எதிரணியின் கோல் அருகே நிரந்தரமாக நின்றுகொள்வதற்கென்றே ஆட்கள் உருவானார்கள். விதி இல்லாத கால்பந்து கற்பனையில் மட்டும் இருந்த ஒன்று என்று நினைக்க வேண்டியதில்லை. ஒருகாலத்தில் அது உண்மையிலேயே ஆடப்பட்டது. ஆடிய ஊரே பிறகு ஆஃப்சைடை ஏற்றுக்கொண்டது.

1866-இல் லண்டன் சங்கம் இறங்கிவந்தது. முன்னால் நிற்கலாம், ஆனால் அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். இந்தச் சின்ன மாற்றத்தில்தான் இன்றைய கால்பந்து பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. முன்னோக்கிப் பாஸ் செய்வது சாத்தியமாயிற்று. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் முதல் சர்வதேச ஆட்டத்தில் மோதியபோது, இங்கிலாந்து ஏழெட்டுப் பேரை முன்களத்தில் வைத்து ஓடியது. ஸ்காட்லாந்து ஆறு பேரை மட்டும் முன்னே வைத்துப் பந்தை ஒருவருக்கொருவர் மாற்றி ஆடியது. கோல் விழவில்லை. ஆனால் ஓடுவதைவிடப் பாஸ் செய்வது மேல் என்ற பாடம் அங்கிருந்து பரவத் தொடங்கியது.

1925: ஓர் ஆளைக் குறைத்தபோது

விஞ்ஞானிகள் ஒரு பொருளின் வேலையை அறிய, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு அதை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். கால்பந்தில் அப்படியொரு பரிசோதனை 1925-இல் நடந்தது.

‘மூன்று பேர்’ விதியின் ஓட்டையைத் தடுப்பு வீரர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அதில் பேர்போனவர் நியூகாசில் யுனைடெட் அணியின் பில் மெக்ராக்கன். அன்றைக்கு ஓர் அணியில் பின்களத்தில் இரண்டு தடுப்பு வீரர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் சரியான கணத்தில் இரண்டடி முன்னே வந்தால் போதும். முன்களக்காரருக்கு எதிரே மிஞ்சுவது இன்னொரு தடுப்பு வீரரும் கோல்கீப்பரும்தான். மூன்று பேர் வேண்டிய இடத்தில் இரண்டு பேர், ஆகவே ஆஃப்சைடு. முயற்சி தவறினாலும் பயமில்லை, பின்னால் காவலுக்கு ஓர் ஆள் இருக்கிறாரே. ஆட்டம் விசிலும் நிறுத்தமுமாக நொண்டியது.

1925-இல் மூன்று என்பதை இரண்டு ஆக்கினார்கள். இப்போது வலை விரிக்க வேண்டுமானால் இரண்டு தடுப்பு வீரர்களும் சேர்ந்து முன்னே வர வேண்டும். தவறினால் பின்னால் கோல்கீப்பர் மட்டுமே. புதிய பருவத்தின் முதல் நாளே ஆஸ்டன் வில்லா அணி பர்ன்லியை 10-0 என்று நொறுக்கியது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் பருவத்துக்கு 462 ஆட்டங்கள். 1924-25 பருவத்தில் அவற்றில் விழுந்த கோல்கள் 1192. அடுத்த பருவத்தில் 1703. ஆட்டத்துக்கு 2.58 ஆக இருந்த சராசரி 3.69 ஆனது.

பார்த்தீர்களா, விதியைத் தளர்த்தினால் கோல் கூடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அர்செனல் அணி நியூகாசிலிடம் 7-0 என்று தோற்றது. அந்த அடியில் அர்செனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனும் அனுபவசாலி வீரர் சார்லி புக்கனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதுவரை மைதானத்தின் நடுவில் உலாவி ஆட்டத்தை நெய்துகொண்டிருந்த மைய வீரரை இழுத்து இரண்டு தடுப்பு வீரர்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் அந்த வழிக்கு வந்தன.

நடந்ததை மனதில் வையுங்கள். விதி தளர்ந்தது. முதலில் கோல் பெருகியது. உடனே நடுக்களத்திலிருந்து ஓர் ஆள் பின்களத்துக்குப் போனார். மூன்றை இரண்டாக்கியதற்கே நடுக்களம் ஓர் ஆளைப் பறிகொடுத்தது. இரண்டையும் எடுத்துவிட்டால்?

சென்ட் கணக்கு

இதற்குக் காகிதமும் பென்சிலும் போதும். வீட்டு மனை வாங்கும்போது போடுகிற கணக்குதான்.

உலகக்கோப்பை ஆட்டங்கள் நடக்கும் மைதானத்தின் நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர். பரப்பு 7140 சதுர மீட்டர். கோல்கீப்பர்கள் இருவரையும் விட்டுவிட்டால் 20 பேர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 357 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஆக ஒவ்வொருவருக்கும் 9 சென்ட் நிலம். தாராளமான மனை.

ஆனால் எந்த ஆட்டத்திலும் அவர்கள் அப்படிப் பரந்து நிற்பதில்லை. தடுப்பு வீரர்கள் தங்கள் கோட்டை முன்னே இழுக்க, எதிரணியின் முன்களக்காரர்களும் அதற்கு முன்னால் வந்துவிட வேண்டியிருக்கிறது. நல்ல அணிகள் மோதும்போது 20 பேரும் 35 மீட்டர் நீளமுள்ள ஒரு பட்டைக்குள் அடங்கிவிடுவது சகஜம். 35 பெருக்கல் 68 என்றால் 2380 சதுர மீட்டர். ஆளுக்கு 119. அதாவது 3 சென்ட். மைதானம் அதேதான், ஆனால் 9 சென்ட் மனை 3 சென்டாகச் சுருங்கிவிட்டது. 1980-களின் இறுதியில் ஏசி மிலான் அணியின் பயிற்சியாளர் ஆரிகோ சாக்கி இதை இன்னும் இறுக்கினார். தன் முன்களக்காரருக்கும் கடைசித் தடுப்பு வீரருக்கும் இடையே 25 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அவர் கணக்கு. ஆளுக்கு 2 சென்ட்தான். அந்த அணி 1989, 1990 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

இப்போது விதியை எடுத்துவிடுவோம். ஓர் அணி முதல் வேலையாக உயரமான ஒருவரை எதிரணியின் பெனால்டி புள்ளியில் கொண்டுபோய் நிறுத்தும். அவரைத் தனியே விட முடியுமா? ஒரு தடுப்பு வீரர் அவருடன் போய் நிற்பார். ஒருவருக்கு ஒருவர் என்றால் ஒரு சறுக்கலில் கோல் விழும், எனவே இன்னொருவரும் போவார். இதைக் கண்ட பயிற்சியாளர் இரண்டாமவரை அனுப்புவார், பிறகு மூன்றாமவரை. மூன்று முன்களக்காரர்களைக் காக்க நான்கு தடுப்பு வீரர்கள். இரண்டு அணிகளும் இதையே செய்யும். ஒவ்வொரு முனையிலும் 7 பேர், இரு முனைகளிலும் சேர்த்து 14. இருபதில் பதினான்கு போக நடுவே மிஞ்சுவது 6 பேர்.

மைதானத்தின் நடு மூன்றிலொரு பங்கை இந்த ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுங்கள். அதே 2380 சதுர மீட்டர். ஆளுக்கு 397. ஏறக்குறைய 10 சென்ட். இரு முனைகளில்? பெனால்டி பகுதியின் பரப்பு சுமார் 665 சதுர மீட்டர். அதில் ஏழு பேர் என்றால் ஆளுக்கு 95 சதுர மீட்டர், இரண்டேகால் சென்ட்தான். கோல்கீப்பர் வேறு இருக்கிறார். மைதானத்தின் இரு கோடியிலும் தேர்த்திருவிழா நெரிசல், நடுவில் உழுதுபோட்ட காடுபோல் வெட்டவெளி.

இடத்தைக் காலமாக மாற்றிப் பாருங்கள். 119 சதுர மீட்டர் என்பது பக்கத்துக்கு 11 மீட்டர் உள்ள சதுரம். எதிரி சுமார் 11 மீட்டர் தள்ளி இருக்கிறார். நொடிக்கு 7 மீட்டர் ஓடினால் ஒன்றரை நொடியில் உங்கள் காலடிக்கு வந்துவிடுவார். அந்த ஒன்றரை நொடிக்குள் பந்தை அடக்கி, தலையை நிமிர்த்தி, வழி கண்டு அனுப்ப வேண்டும். நடுக்கள வீரரின் கலை முழுதும் அந்த ஒன்றரை நொடியில்தான் இருக்கிறது. 397 சதுர மீட்டரில் எதிரி 20 மீட்டர் தள்ளி நிற்கிறார். வந்துசேரக் கிட்டத்தட்ட மூன்று நொடி. நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அவசரம் இல்லை, நெருக்கடி இல்லை, ஆகவே பெரிய திறமையும் வேண்டாம். நிதானமாகப் பந்தை வைத்து, தூரத்துக் கூட்டத்தின் தலைக்குமேல் உயர உதைத்தால் போதும்.

இது தோராயக் கணக்கு. ஆட்டக்காரர்கள் சதுரங்கக் காய்கள்போல் கட்டத்தில் நிற்பதில்லை. ஆனால் கணக்கு காட்டும் திசை தெளிவானது. முந்திநிற்பவரைத் தடுப்பது விதியின் வெளித்தோற்றம். மைதானத்தைச் சுருக்கி, நடுக்களத்தை உயிரோடு வைத்திருப்பதே அது செய்யும் பெரிய வேலை.

தெருவில் மட்டும் எப்படி?

இந்த இடத்தில் ஒரு நல்ல எதிர்க்கேள்வி வரும். நம் தெருக்களிலும் பள்ளிக்கூடத்து ஓரங்களிலும் பிள்ளைகள் செருப்பையும் செங்கல்லையும் கோல்கம்பமாக வைத்து ஆடுகிறார்கள். அங்கே ஆஃப்சைடு யார் பார்க்கிறார்கள்? ஆட்டம் நன்றாகத்தானே நடக்கிறது? உள்ளரங்கில் அணிக்கு ஐந்து பேராக ஆடும் ஃபுட்சாலிலும் ஆஃப்சைடு இல்லையே?

விடை நாம் போட்ட கணக்கிலேயே இருக்கிறது. ஃபுட்சால் களம் 40 மீட்டருக்கு 20 மீட்டர், 800 சதுர மீட்டர். கோல்கீப்பர்களை விட்டால் எட்டுப் பேர். ஆளுக்கு 100 சதுர மீட்டர். ஆஃப்சைடு இருக்கும் பெரிய மைதானத்தில் நாம் கண்ட 119-க்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்! சிறிய களத்தில் நெருக்கத்தைச் சுவரும் கோடுமே தந்துவிடுகின்றன. கோல் வாசலில் ஒருவன் நின்றாலும் நான்கு எட்டில் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். 105 மீட்டர் மைதானத்தில் அந்தச் சுவர் இல்லை. ஆஃப்சைடு கோடுதான் அங்கே சுவர், தடுப்பு வீரர்கள் நகர்த்திக்கொண்டே போகும் சுவர்.

எடுத்துப் பார்த்த மற்ற ஆட்டங்கள்

கோல் வாசலில் கூடாரம் போடுகிறவரை என்ன செய்வது என்பது கால்பந்தின் பிரச்சினை மட்டுமில்லை. கூடைப்பந்தில் கூடைக்கு அடியிலுள்ள கட்டத்தில் தாக்கும் அணியினர் தொடர்ந்து மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. கைப்பந்தாட்டத்தில், அதாவது ஹேண்ட்பாலில், கோலைச் சுற்றி ஆறு மீட்டர் வளையத்துக்குள் கோல்கீப்பரைத் தவிர யாருக்கும் இடமில்லை. ஒவ்வோர் ஆட்டமும் தன் வாசலுக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது.

பூட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதை வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீக் 1929-இல் கண்டது. ஆட்டத்துக்குச் சராசரி மூன்று கோல்கூட விழாத காலம் அது. கோல் பெருகட்டும் என்று, எல்லாப் பகுதிகளிலும் முன்னோக்கிப் பாஸ் செய்ய அனுமதித்தார்கள். உடனே ஆட்டக்காரர்கள் எதிரணியின் கோல் முன்னால் போய்க் குவிந்தார்கள். கோல்கள் கொட்டின. பருவம் முடியும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை. டிசம்பரிலேயே விதியைத் திருத்தி, வட்டு நீலக்கோட்டைத் தாண்டும்முன் ஆள் தாண்டக்கூடாது என்றார்கள். பனி ஹாக்கியின் இன்றைய ஆஃப்சைடுக்கு வேர் அந்தத் திருத்தம்தான்.

நமக்கு நெருக்கமான ஹாக்கி வேறு கதை சொல்கிறது. அங்கே 1996-இல் பரிசோதனையாக ஆஃப்சைடை நீக்கினார்கள். 1998-இல் அது நிரந்தரமானது. அந்த ஆண்டு டிசம்பரில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் இந்தியா பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது ஆஃப்சைடு இல்லாத ஹாக்கியில்தான். ஹாக்கி கெட்டுப்போகவில்லை. விசில் குறைந்தது, ஆட்டம் ஓடியது. அப்படியானால் கால்பந்தில் மட்டும் ஏன் பயம்?

ஹாக்கியின் வாசலில் இன்னொரு பூட்டு ஏற்கெனவே தொங்குகிறது. கோல் செல்ல வேண்டுமானால் பந்தைக் கோலைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள்ளிருந்தே அடிக்க வேண்டும். பந்து பெரும்பாலும் தரையோடு ஓடுவது. தலையால் முட்டுவது என்பதே அங்கு கிடையாது. ஆகவே வாசலில் உயரமானவர்களை நிறுத்தி, தூரத்திலிருந்து தலைக்குமேல் பந்தைக் கொட்டும் ஆட்டத்துக்கு அங்கே இடம் குறைவு. கால்பந்திலோ பந்து வானத்தில் வருகிறது, தலை கோல் அடிக்கிறது.

அது எப்படியிருக்கும் என்பதையும் ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்தின் ஐந்தாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸில், 1987-88 பருவத்தில், ஃப்ரீ கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை என்று விதித்தார்கள். எங்கே ஃப்ரீ கிக் கிடைத்தாலும் தாக்கும் அணியினர் கோல் முன்னாலுள்ள சின்னக் கட்டத்தில் போய் அடைந்துகொண்டார்கள். கோல்கீப்பரின் மூக்குக்கு நேரே ஆட்கள். அந்தப் பரிசோதனை நிலைக்கவில்லை. அதன் சாயலை நீங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கலாம். கார்னர் கிக்குக்கு ஆஃப்சைடு இல்லை. கார்னரின்போது கோல் வாசலில் நடக்கும் தள்ளுமுள்ளை நினைத்துப் பாருங்கள். விதி இல்லாத கால்பந்து, 90 நிமிடமும் கார்னர் கிக்கை நோக்கி நகரும் கால்பந்து.

யார் வாழ்வார், யார் மறைவார்?

நாளையே விதி நீங்கியது என்று வைத்துக்கொள்வோம். முதல் சில வாரங்கள் 1925-இன் ஆகஸ்டைப்போல இருக்கும். தயாராகாத அணிகள் வாரி வழங்கும். பிறகு ஒவ்வொரு பயிற்சியாளரும் சாப்மன் ஆவார். ஆட்களைப் பின்னுக்கு இழுப்பார். அணி இரண்டாகப் பிளந்து, பாதி ஒரு முனையிலும் பாதி மறுமுனையிலுமாக நிலைகொள்ளும்.

கோல்கீப்பர்கள் வாசலுக்குத் திரும்புவார்கள். 2014 உலகக்கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் மானுவல் நொயர் பெனால்டி பகுதியைத் தாண்டி ஓடிவந்து பந்தை விரட்டினாரே, அந்த வகைக் கோல்கீப்பர் அழிந்துபோவார். பக்கத்தில் ஒருவன் எந்நேரமும் காத்து நிற்கும்போது வாசலை விட்டு எப்படி நகர்வது? உயரமும் உடல்பலமும் விலை ஏறும். குள்ளமான, மூளையால் ஆடுகிற நடுக்கள வீரருக்கு மதிப்பு சரியும். எந்த மெஸ்ஸியின் கோலைப் பறித்தது என்று இந்த விதியை வைதோமோ, அந்த மெஸ்ஸியைப் போன்றவர்கள் வளர்ந்த நெருக்கமான ஆட்டத்தை வளர்த்ததும் இதே விதிதான்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிற இழப்பு ஒன்று உண்டு. நடுக்கள வீரர் ஒருவர் தலை நிமிர்கிறார். கோட்டின்மேல் நின்றுகொண்டிருக்கும் முன்களக்காரர் அவர் கண்ணைப் பார்க்கிறார். உதைக்கும் கணத்துக்கு ஓர் இமை முன்னால் ஓடினால் கொடி உயரும். ஓர் இமை தாமதித்தால் தடுப்பு வீரர் முந்திக்கொள்வார். இருவர் மனமும் ஒரே கணத்தில் ஒன்றாக வேண்டும். தபலாக்காரரும் பாடகரும் ‘சம’த்தில் வந்து சேர்கிற மாதிரியான ஒரு சேர்க்கை அது. இத்தாலியின் ஃபிலிப்போ இன்சாகி தன் வாழ்நாள் முழுதும் அந்தக் கோட்டின் விளிம்பிலேயே ஆடிப் பேரெடுத்தவர். விதி இல்லையென்றால் அந்த ஓட்டம் எதற்கு? முன்பே போய் நின்றுகொள்ளலாமே. காலம் பார்த்து ஓடுவது என்கிற கலை, இடம் பார்த்து நிற்பது என்கிற வேலையாகிவிடும்.

கோட்டை நகர்த்தலாம், அழிக்கலாமா?

விதியை நீக்க வேண்டும் என்று சொன்னவர்களில் விஷயம் தெரிந்தவர்களும் உண்டு. 2017-இல் ஃபிஃபாவின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த மார்கோ வான் பாஸ்டன் அந்த யோசனையை முன்வைத்தார். கோல் முன்னால் தடுப்பு வீரர்களை அடுக்கிவைத்து, கால்பந்தைக் கைப்பந்தாட்டம்போல ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் கவலை. அந்தக் கவலை உண்மையானது. ஆனால் அவர் சொன்ன மருந்து நோயைக் கூட்டும். தடுப்பு வீரர் இன்று கோல் வாசலை விட்டு முன்னே வரத் துணிவதற்கு ஒரே காரணம், தனக்குப் பின்னால் யாரும் காத்து நிற்க முடியாது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் அவர் வாசலை விட்டு அசையவே மாட்டார். வான் பாஸ்டன் தன் சிறந்த ஆண்டுகளை ஆடியது சாக்கியின் மிலானில், 25 மீட்டர் பட்டைக்குள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

விதியை மெருகேற்றுவது வேறு. 1907-இல் தன் பாதி மைதானத்தில் நிற்பவரை விட்டார்கள். 1920-இல் த்ரோவுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 1990-இல் கோட்டுக்குச் சமமாக நிற்பவர் குற்றவாளி இல்லை என்றார்கள். 1973 முதல் 1982 வரை வட அமெரிக்கக் கால்பந்து லீக் கோலிலிருந்து 35 கஜத்தில் ஒரு கோடு போட்டு, அதற்குள் மட்டுமே ஆஃப்சைடு என்று ஆடிப் பார்த்தது. இன்று அர்செனலின் முன்னாள் மேலாளர் ஆர்சென் வெங்கர், முன்களக்காரரின் உடலில் கோல் அடிக்க உரிமையுள்ள ஏதேனும் ஒரு பகுதி தடுப்பு வீரருக்குச் சமமாக இருந்தாலே விட்டுவிடலாம் என்கிறார். சந்தேகத்தின் பலன் தாக்குபவருக்குப் போகட்டும் என்ற இந்த யோசனை யோசிக்கத் தக்கது. இவை எல்லாம் கோட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்துபவை. கோட்டை இவற்றில் எதுவும் அழிக்கவில்லை.

லுசைலுக்குத் திரும்புவோம். அன்று அர்ஜென்டினாமேல் ஆஃப்சைடு தீர்ப்பு எழுந்தது 10 தடவை. அந்தப் பத்துக் கணங்களைத்தான் நாம் விதி என்று நினைக்கிறோம். மிச்ச நேரம் முழுதும் கொடி துணை நடுவரின் இடுப்புக்குக் கீழே தொங்கியபோதும் விதி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. சவூதி வீரர்களை வாசலிலிருந்து வெளியே வரத் துணியவைத்தது. இருபது பேரை ஒரு பட்டைக்குள் நெருக்கியது. ஒவ்வொரு பாஸையும் ஒன்றரை நொடிச் சவாலாக்கியது. தடுப்பு வீரர்களுக்குப் பின்னால் அந்தப் பச்சை வெளியைத் திறந்துவைத்தது. அதை நோக்கித்தான் மெஸ்ஸியும் மார்ட்டினெஸும் ஓடினார்கள்.

விதி இல்லாத மைதானத்தில் அந்த வெளியே இருந்திருக்காது. அங்கே ஏழு பேர் நின்றிருப்பார்கள். நாம் இழந்ததாக எண்ணும் அந்த மூன்று கோல்களும் எங்கும் போய்விடவில்லை. அவற்றை நோக்கிய ஓட்டத்தைத் தொடங்கிவைத்ததே ஆஃப்சைடுதான்.